பிழைச்ச நிறங்கள்

செவ்வாய் இரவு எட்டரைக்கு
ரீவியில் அந்த ஆள் ஒரு சுவரை இடிப்பார்.
கையில் சுத்தியல், முகம் முழுக்கச் சிரிப்பு.
"இந்தச் சுவர் உங்களுக்கு அவசியமா?"
வீட்டுக்காரி இல்லை எண்டு தலையாட்டுவா.
நாவாந்துறையில் நாங்கள்
சோத்துக் கோப்பையோட இருந்து பாப்பம்.
எங்கட சுவரில் ஒண்டை இடிச்சால்
அங்கால பிலோமினாக்கா படுக்கிற கட்டில்.

"மிகக் குறைந்த செலவில்" எண்டு அவர் சொல்லேக்க
கீழ ஒரு தொகை ஓடும்.
அது எந்த நாட்டுக் காசு எண்டு
அருள்ராஜ் கிழமைக்குக் கிழமை கேப்பார்.
எந்த நாட்டுக் காசெண்டாலும்
எங்களுக்கு அது ஒரு புது எஞ்சின்.

புதன் காலமை கஸ்தூரியார் வீதிக் கடையில்
நான் நிறம் கலக்கிற மெசினைப் போட முன்னமே
போனும் கையுமா ஆக்கள் நிப்பினம்.
படத்தை ரெண்டு விரலால் அகட்டி
"தங்கச்சி, இந்த நிறம்."
ஐயா, அது நிறமில்லை,
ரெண்டாள் உயர யன்னலால வாற வெயில்.
அதை ரின்னுக்குள்ள கலக்க ஏலாது.
வாய்க்குள்ள மட்டும் சொல்லிப்போட்டு
இலக்கத்தை அடிச்சு விலையைச் சொல்லுவன்.

பிறகு கொஞ்சம் சத்தமில்லாத நேரம்.
எனக்கு அது நல்ல பழக்கம்.
ஆள் தன்ர வீட்டைச் சுருக்கிறார்:
நாலு அறை ஒரு அறையாகும்,
ஒரு அறை ஒரு சுவராகும்,
ஒரு சுவரும்
ரோட்டால போறவைக்குத் தெரியிற துண்டாகும்.
"மிச்சத்துக்கு வெள்ளை அடிப்பம்.
சுண்ணாம்பு என்ன விலை போகுது?"

நானும் ஏமாந்தனான்.
யன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டினால்
அறை இரட்டிப்பாகத் தெரியும் எண்டார்.
மகள் டிலக்சனா விடேல்லை.
உடைஞ்ச அலுமாரிக் கதவில் இருந்து
கண்ணாடியைக் கழட்டி மாட்டினம்.
சும்மா சொல்லக் கூடாது, அறை இரட்டிச்சது.
ரெண்டு வலைக் குவியல்,
ரெண்டு அரிசி மூடை,
காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை ரெண்டு கொடியில்,
களைச்சு வந்து நிக்கிற நான்
ரெண்டு பேர்.
மாரி முடிய முன்னம் உப்புக் காத்து
கண்ணாடியின்ர முதுகைத் திண்டுபோட்டுது.
இப்ப நான் பாதிதான் தெரியிறன்.

ஆனால் கதவுக்கு மேல தட்டு அடிக்கச் சொன்னாரே,
அது நல்ல புத்தி.
பிழைபோன வள்ளத்தில் ரெண்டு பலகை,
செலவு ஆணி மட்டும்.
பாணி போத்தலும் கலியாண அல்பமும்
அதில இருந்து இன்னும் விழேல்லை.

வீட்டுக்கு நிறம் வந்தது வேற வழியால.
பிழைச்ச ரின்களை முதலாளி பாதி விலைக்குத் தருவார்,
சம்பளத்தில் கழிச்சு.
குசினிக்குப் பூசினிக்காய் மஞ்சள்:
சுண்டுக்குளியில் ஒரு டொக்ரர் வீட்டில
காஞ்ச பிறகு பாத்து மூக்கைச் சுழிச்சு அனுப்பினது.
படுக்கிற அறைக்கு ஒரு மெல்லிய ரோசா:
கலியாணத்துக்கெண்டு கலக்கச் சொல்லிச்சினம்,
கலியாணம் குழம்ப, எடுக்க ஆளில்லை.
கக்கூசுக்கு ஏதோ ஒரு வங்கியின்ர நீலம்.
விறாந்தைக்குக் கிடைச்ச பச்சை
யன்னல் உயரம் மட்டும் வந்துது.
அதுக்கு மேல சீமெந்து.

போன கிழமை ஒரு பிள்ளை,
தாலிக்கொடி இன்னும் மினுங்குது,
விலையைக் கேட்டுப்போட்டுக் கன நேரம் நிண்டா.
"அக்கா, உங்கட வீட்டுக்கு என்ன நிறம்?"
கையைத் துடைச்சுப்போட்டு
என்ர போனைத் திறந்து குடுத்தன்.
ரெண்டு விரலால் அகட்டி அகட்டிப் பாத்தா,
என்ர வீட்டை ஒருத்தரும்
அப்பிடிப் பாத்ததில்லை.
பச்சை முடியிற கோட்டில விரல் நிண்டுது.
"இதுக்கு மேல அடிக்கேல்லையே?"

"அதுக்கு இன்னும் ஒருத்தரும்
பிழை விடேல்லை" எண்டன்.

அரை லீற்றர் வாங்கிக்கொண்டு போறா.
சரியாத்தான் கலந்து குடுத்தனான்.
எண்டாலும் பின்னேரம் வரைக்கும்
வாசலைப் பாத்துக்கொண்டே இருந்தன்.